மாஸ்டர் கல்லில் நின்ற ஐந்து நாட்கள்

பொரளைச் சந்தியைத் தாண்டும்போது பன்னிரண்டு மணியாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. விசா அலுவலகத்திலிருந்து நடக்கத் தொடங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகியிருந்தது. சட்டைப் பையில் கொட்டாஞ்சேனை அறையின் சாவி. அதைத் தந்தவர் மாஸ்டரின் மனைவி.

"தம்பி, எங்க ரெண்டு பேர் பையையும் எடுத்துட்டு மூணு மணிக்குள்ள வந்துடுங்க. பச்சைப் பை அவரோடது. அதுலதான் சுகர் ஊசி இருக்கு."

அதற்கு மேல் கதைக்க விடாமல் ஒரு பெண் அதிகாரி அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு விமானத்தில் கணவன் மனைவி இருவரையும் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். பெயர்களைப் பட்டியலில் ஏற்றியாயிற்று. இனி அவர்கள் இந்த நாட்டுக்குள் வர முடியாது.

பஸ்ஸில் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. ஏதாவது கெட்டுப்போனால் நடப்பது என் பழக்கம். மன்னார் உப்பளத்தில் சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறியபோது மூன்று நாளாக மதவாச்சி வரை நடந்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நடை பிடிபடவில்லை. பன்னிரண்டு மணி என்பது களுபோவில ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்க விடுகிற நேரம். அங்கே பெண்கள் வார்ட்டில் மாஸ்டரின் மனைவியுடைய அக்கா படுத்திருந்தார். மூன்று கிழமையாக மத்தியானமும் பின்னேரமும் தங்கச்சி வந்து கட்டிலோரத்தில் இருப்பதைப் பழகிக்கொண்டவர். அன்றைக்கும் வாசலைப் பார்த்தபடி இருப்பார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. சொல்ல வேண்டிய ஆள் நான். அப்படிச் சொல்லும்படி ஆனதிலும் பாதிப் பங்கு என்னுடையது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வவுனியாப் பக்கம் பிறந்து, திருகோணமலையில் ஐஸ் கட்டி சுமந்து, தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூடை ஏற்றி இறக்கி, கடைசியில் வெள்ளவத்தையில் காலி வீதிக்கு உள்ளே ஒரு ஒழுங்கையிலிருந்த சைவக்கடைக்கு வந்து சேர்ந்தேன். சிங்களம் தம்புள்ளையில் படித்தது. சந்தைச் சிங்களம் என்றாலும் பிழையில்லாமல் ஓடும். கடையில் மேசை துடைப்பதுதான் வேலை. தோசை ஊற்றுகிறவர் திருவிழாவுக்கென்று ஊருக்குப் போய்த் திரும்பி வராததால் முதலாளி என்னைத் தோசைக் கல்லடிக்குத் தள்ளினார். என் தோசையை யாரும் புகழ்ந்ததில்லை.

அந்தக் கிழமைதான் மாஸ்டர் முதன்முதலாக வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, மடித்துவிட்ட சட்டைக் கை. முன்கையில் நெருப்புச் சுட்ட தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக. மூலை மேசையில் அமர்ந்து ஒரு தேத்தண்ணியோடு ஒரு மணித்தியாலம் இருந்தார். மனைவி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகவும், அந்த வார்ட்டில் ஒரு நோயாளியிடம் ஒருவரைத்தான் விடுவார்கள் என்பதால் தான் இங்கே காத்திருப்பதாகவும் சொன்னார். நீலகிரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மாஸ்டர் அங்கே ஒரு ஹோட்டலில் முப்பது வருடமாகத் தோசைக் கல்லடியில் நிற்கிறவர்.

மனைவி பிறந்தது ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில். ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு கப்பலேற்றப்பட்டு இந்தியா போனவர். அக்கா அதற்கு முன்பே இங்கே ஒருவரைக் கட்டிக்கொண்டதால் நின்றுவிட்டார். அந்த மனிதர் செத்து வெகுகாலம். பிள்ளைகள் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தெஹிவளையில் ஒரு வீட்டில் சமையல் செய்துவந்த அக்கா, ஒருநாள் அந்த வீட்டுக் குசினியிலேயே விழுந்துவிட்டார். வயிற்றில் கட்டி. வைத்தியர்கள் நாள் எதுவும் சொல்லவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றும் சொல்லவில்லை. செய்தி கேட்டுத் தங்கச்சி புறப்பட்டு வந்தார். பிரிந்த பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் நாள் பின்னேரம் மாஸ்டர் முன்னால் நான் ஒரு தோசை வைத்தேன். தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது தோசையா, இல்ல இலங்கை மேப்பா?"

"யாழ்ப்பாணம் கொஞ்சம் கருகிப் போச்சு ஐயா" என்றேன்.

"பரவால்ல. மிச்ச நாடு வேகவே இல்ல."

காசாளர் மேசையிலிருந்த முதலாளியும் சிரித்துவிட்டார். வந்தவர் என்ன தொழில் செய்கிறார் என்று அப்போதுதான் விசாரித்தார். தோசை மாஸ்டர் என்று தெரிந்ததும், "அப்ப உங்களிட்டக் காசு வாங்கக் கூடாது" என்று கையை மறித்தார். பிழை அந்த இடத்தில்தான் தொடங்கியது என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் இன்னொரு தடவை அதே இடத்தில் இருந்தாலும் யாரும் வேறு மாதிரி நடந்திருக்க மாட்டார்கள். மாஸ்டர் காசைச் சட்டைப் பையில் திரும்ப வைத்துக்கொண்டு, சட்டைக் கையை இன்னும் மேலே சுருட்டினார்.

"எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டுங்க. மாஸ்டர் வந்தா காசு வாங்க மாட்டாங்க. சாப்பிட்ட ஆளு கல்லுல ஒரு மணி நேரம் நின்னு குடுத்துட்டுப் போவாரு. இல்லன்னா திருட்டுச் சோறு மாதிரி ஆயிடும்."

செருப்பைக் குசினி வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நெருப்பைக் குறைத்தார். கல்லில் தண்ணீர் தெளித்து, வெட்டிய வெங்காயத்தால் தேய்த்து, அது எழுப்பிய சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு மாவை ஊற்றிச் சுழற்றினார். நான் தள்ளி நின்று பார்த்தேன். கையில் அவசரமே இல்லை. ஆனாலும் நான் ஒன்று ஊற்றுகிற நேரத்தில் அவர் மூன்று எடுத்தார்.

"எங்க கத்துக்கிட்டீங்க தம்பி நீங்க?"

"நான் எங்கயும் பழகேல்ல. இங்க தள்ளி விட்டவை."

"அது தெரியுது."

அப்படியே ஐந்து நாட்கள். பின்னேரம் ஐந்திலிருந்து ஆறு வரை மாஸ்டர் கல்லில் நிற்பார். ஆறே காலுக்கு மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வருவார். இருவரும் சாப்பிட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு பஸ் ஏறுவார்கள். இடையில் இரண்டு நாட்கள் வார்ட்டில் ஏதோ சோதனை என்று நேரத்தோடு அனுப்பிவிட, அந்த அம்மாவும் குசினிப் பின்வாசலில் பலகை போட்டு அமர்ந்து வெங்காயம் உரித்துத் தந்தார். அவர் மனம் லேசாக இருந்ததை நான் பார்த்தது அந்த இரண்டு நாட்களில்தான். அக்கா என்ன சொன்னார், என்ன சாப்பிட்டார், பழைய தோட்டத்துக் கங்காணியை எப்படித் திட்டினார் என்று உரித்துக்கொண்டே சொல்வார். அக்காவிடம் எங்கள் கதையையும் சொல்வாராம். என் தோசை ஆஸ்பத்திரி வரை போயிருந்தது.

மாஸ்டரின் தோசையும் ஒழுங்கையைத் தாண்டிப் போய்விட்டது. மூன்றாம் நாளே கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். "இந்தியன் மாஸ்டர் ஒராள் வந்திருக்கிறாராம்" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். முதலாளி சந்தோஷத்தில் கேட்ட யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை. விசா அலுவலகத்தில் யார் போய்ச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. யாரும் போய்ச் சொல்லியிருக்கவே தேவையில்லை.

ஐந்தாம் நாள் ஐந்தே முக்காலுக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். முதலாளி கோயிலுக்குப் போயிருந்தார். மூத்தவர் நேரே கல்லடிக்கு வந்து, மாஸ்டரின் கடவுச்சீட்டைக் கேட்டார். மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். உல்லாசப் பயணி விசா. அதிகாரி சிங்களத்தில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன், தமிழில் வந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை. கடையில் வேறு யாருக்கும் அவ்வளவு சிங்களம் வராது என்பதால் நானே முன்னால் போனேன்.

"இங்க எத்தனை நாளா வேலை செய்யிறீங்கள் எண்டு கேக்கிறார்."

"வேலையா? வேலை இல்லைங்க. அஞ்சு நாளா வந்துட்டுப் போறேன்."

"சம்பளம் எவ்வளவாம்?"

மாஸ்டர் கையை உயர்த்தி மறுத்தார். முகத்தில் கொஞ்சம் ரோசம்கூட வந்தது.

"சம்பளமா? அதெல்லாம் ஒரு பைசா வாங்கலீங்க. சாப்பாடு போடறாங்க, அதுக்கு நான் கல்லுல நிக்கறேன். அவ்வளவுதான். சும்மா சாப்பிடற ஆளு நான் இல்லன்னு சொல்லுங்க தம்பி."

நான் சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். நேர்மையான மனிதர், அது அதிகாரிக்குத் தெரிய வேண்டும் என்று கொஞ்சம் அழுத்தியும் சொன்னேன். சாப்பாடு கொடுக்கிறார்கள், அதற்காக வேலை செய்கிறார். அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். அதில் பொய் ஒன்றுமில்லை. மாஸ்டர் அதன் கீழே தமிழில் கையெழுத்து வைத்துவிட்டுச் சிரித்தார். அலுவல் முடிந்தது என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

உல்லாசப் பயணி விசாவில் வருகிறவர் கூலிக்கு வேலை செய்யக் கூடாது, கூலி காசாக இருக்க வேண்டியதில்லை, சாப்பாடும் கூலிதான் என்று அந்த மூத்த அதிகாரி எனக்கு அமைதியாக விளக்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார். மாஸ்டரை ஜீப்பில் ஏற்றினார்கள். வெறுங்காலோடு போனார். கல்லில் ஒரு தோசை கிடந்தது. அதைத் திருப்பவும் யாருக்கும் தோன்றவில்லை.

ஆறே காலுக்கு மனைவி வந்தார். கடைக்குள் வந்து, மூலை மேசையைப் பார்த்தார், பிறகு குசினியை எட்டிப் பார்த்தார். நான் சொல்லும்போது அவர் சத்தம் போடவில்லை. குசினி வாசலுக்குப் போய்ச் செருப்பை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "எங்கன்னு காட்டுங்க தம்பி" என்றார்.

அடுத்த நாள் காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் வழக்கு வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கண் முழுக்க நித்திரையில்லாத சிவப்பு.

"ஒரு சொல்லை விழுங்கியிருக்கலாமேடா."

"அவர் சொன்னதைத்தானே சொன்னனான்."

"ஓம், நீ பெரிய அரிச்சந்திரன். உன்ர சிங்களம் நல்ல சிங்களம்தான். என்ர கடையை மூடுற அளவுக்கு நல்லது."

கொஞ்ச நேரம் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நீ இனி இங்க நிக்க வேண்டாம், தம்பி. உன்னில கோவமில்லை. உன்னைப் பாக்க எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். என் பை எப்போதும் கட்டியபடிதான் இருக்கும். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு ஒன்பது நாட்கள். மாஸ்டரைத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். நான் கொட்டாஞ்சேனையில் ஒரு லொறித் தரிப்பிடத்தில் படுத்துக்கொண்டு, பகலில் அந்த அம்மாவோடு திரிந்தேன். காலையில் மாஸ்டருக்கு அன்றைய ஊசியோடு முகாம், மத்தியானம் ஆஸ்பத்திரி, இடையில் விசா அலுவலகம், பின்னேரம் திரும்ப ஆஸ்பத்திரி. அவருக்குச் சிங்களம் ஒரு சொல் தெரியாது. ஒன்பது வயதில் தெரிந்திருந்த இரண்டொன்றும் கப்பலிலேயே போய்விட்டது என்பார். அக்காவிடம், மாஸ்டருக்குக் காய்ச்சல், அறையில் படுத்திருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார்.

"ஒன்பது நாளாக் காய்ச்சலா எண்டு கேக்க மாட்டாவோ?"

"கேட்டா. கொழும்புக் கொசு பெருசுன்னுட்டேன்."

விசாரணை நாளன்று காலையில் இருவரையும் ஒரே அறைக்குக் கூப்பிட்டார்கள். என்னையும் விட்டார்கள். மேசைக்குப் பின்னால் வேறொரு அதிகாரி. பக்கத்து மேசையில் ஒரு எழுத்தர் கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். வயதானவர், தலையில் தொப்பி, எங்களை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

முடிவை அதிகாரி சொன்னார். கணவன் அன்றிரவு போக வேண்டும், இனித் திரும்ப வர முடியாது. மனைவியின் விசா முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதுவரை அவர் நிற்கலாம், ஆஸ்பத்திரிக் கடிதம் கொண்டுவந்தால் நீட்டியும் கொடுப்போம். அவர் அதைக் கனிவாகத்தான் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். மாஸ்டர் தலையை ஆட்டினார். "அது போதும். நீ இரு. அக்காவைப் பாத்துக்க" என்று மனைவியிடம் சொன்னார். நான் மூச்சு விட்டேன்.

அந்த அம்மா எழும்பி நின்றார். ஒன்பது நாளாகச் சத்தம் போடாதவர்.

"சார், அவர மட்டும் ஏன் சார் அனுப்பறீங்க? நானும்தான் ரெண்டு நாள் வெங்காயம் உரிச்சேன். நானும்தான் அங்க சாப்பிட்டேன். அதெல்லாம் வேலையா சார்? பக்கத்துல ஒருத்தர் செய்யறப்ப சும்மா பாத்துட்டு உக்காந்திருப்பாங்களா? நான் பொறந்தது இந்த நாடு சார். எங்கம்மா இங்க கொழுந்து கிள்ளினவங்க."

மாஸ்டர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். அதிகாரி என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

அந்த நேரத்தில் என் நாக்கு நின்றது உண்மை. முதலாளி சொன்னது காதில் இருந்தது. ஒரு சொல்லை விழுங்கு. நான் முழுவதையும் விழுங்கினேன். "தான் நிற்பதற்கு அனுமதி தந்ததற்கு நன்றி சொல்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

பக்கத்து மேசையில் தட்டுகிற சத்தம் நின்றது.

அவ்வளவு நீளமாகவா நன்றி சொன்னார் என்று அதிகாரி சிரித்தபடியே எழுத்தரிடம் திரும்பினார். எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார். என்னை விட நல்ல சிங்களம். வெங்காயத்தைச் சொன்னார், சாப்பாட்டைச் சொன்னார், கொழுந்தையும் சொன்னார். எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. பிறந்ததற்குப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. இன்னொரு தாளை எடுத்தார். மனைவியின் பெயரையும் அதே பட்டியலில் ஏற்றச் சொன்னார். பொய்யாக மொழிபெயர்த்ததற்கு என்னையும் உள்ளே போடலாம், உனக்கு அது தெரியுமா என்று கேட்டுவிட்டு வெளியே போகச் சொன்னார். நான் மொழிபெயர்க்காமலேயே மாஸ்டருக்கு நடந்தது விளங்கிவிட்டது. அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. யாரும் அவருக்குத் தமிழில் சொல்லவில்லை. கதவைச் சாத்தும்போது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படியில் எழுத்தர் பின்னால் வந்தார்.

"தம்பி, நான் என்ன செய்ற? பொய்யச் சொல்லிட்டு நீங்க போயிடுவீங்க. அந்தக் கதிரையில முப்பது வருஷமா ஈக்கிறவன் நான்."

"நீங்கள் கேட்காத மாதிரி இருந்திருக்கலாம்."

"என்னட்டக் கேட்டாரே." தொப்பியைச் சரிசெய்தார். "அந்த மனுசிக்கு நான் வெளங்கப்படுத்தி ஈக்கிறேன். உங்கள்ட சாவி ஒண்டு தரணுமாம், நில்லுங்க."

அப்படித்தான் சாவி என் கைக்கு வந்தது.

மருதானைக்கு வரும்போது நேரம் போய்விட்டது என்று உணர்ந்து பஸ்ஸில் தொங்கினேன். கொட்டாஞ்சேனையில் அந்த அறை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அக்காவின் கட்டில், அக்காவின் சுவாமிப் படங்கள், கொடியில் மாஸ்டரின் இரண்டு வேட்டிகள். பச்சைப் பையில் ஊசி மருந்து இருந்தது. அம்மாவின் பையை அடுக்கும்போது, அக்காவுக்கென்று கொண்டுவந்த புதுச் சேலை ஒன்று மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று தெரியாமல் கட்டிலில் வைத்துவிட்டேன். பிறகு எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாக அலுவலக வாசலில் பைகளைக் கொடுத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கத்தில் இருவரும் ஒரு வாங்கில் அமர்ந்திருந்தார்கள். மாஸ்டர் காலில் செருப்பு இருந்தது. நான் பிழை செய்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மொத தடவ நெசம் சொன்னீங்க, அதுவும் எங்களுக்காகத்தான். ரெண்டாவது பொய் சொன்னீங்க, அதுவும் எங்களுக்காகத்தான். விடுங்க."

அவர் விட்டார். அம்மா விடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல்தான் கதைத்தார்.

"அக்கா மத்தியானமே பாத்திருப்பா. போய்ச் சொல்லிடுங்க. காய்ச்சல்னு எல்லாம் வேணாம். நடந்ததச் சொல்லுங்க."

பின்னேரம் ஐந்தே காலுக்கு வார்ட்டுக்குள் போனேன். அதுவரை வாசலோடு நின்றவன், கட்டில் இலக்கம் மட்டும் தெரியும். ஒடுங்கிய உருவம், நரைத்த பின்னல், தங்கச்சியின் அதே மூக்கு. என்னைப் பார்த்ததும் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"அம்மா, நான் வெள்ளவத்தைக் கடையில..."

"தெரியும். தோசை கருக்குற தம்பி. தங்கச்சி எங்க?"

கட்டிலோரத்தில் இருந்த வாங்கில் இருந்துகொண்டு முழுவதையும் சொன்னேன். சாப்பாட்டைச் சொன்னேன், கையெழுத்தைச் சொன்னேன், நான் சொன்ன உண்மையையும் பொய்யையும் சொன்னேன். முடிந்த பிறகு அக்கா கேட்டார்.

"ரெண்டு பேரயுமா?"

"ஓம்."

"வெங்காயம் உரிச்சதுக்கா?"

"ஓம்."

"நான் இந்தக் கொழும்புல ஊரான் வீட்டுக்கெல்லாம் ஆயுசு முழுக்க உரிச்சேன். என்னய யாரும் பிளேன்ல ஏத்தல." சிரிப்பது போல வாயைக் கோணினார். அது நிற்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சேலையை எடுத்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் திரும்பாமலே அதைக் கையால் தடவிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரியின் வீட்டார் ஒரு பெரிய டிஃபனைத் திறந்து வைத்துச் சிங்களத்தில் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. எழும்பினேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு நான் ஹெந்தளையில் நிற்க வேண்டியவன். அங்கே ஒரு கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று லொறித் தரிப்பிடத்தில் ஒருவர் சொல்லி, வருகிறேன் என்று வாக்கும் கொடுத்திருந்தேன். தங்க இடமும் தருவார்கள். பஸ் தரிப்பு எங்கே என்றுகூட யோசித்துவிட்டேன்.

"தம்பி." சுவரைப் பார்த்தபடியே அக்கா கூப்பிட்டார். "நாளைக்கு யாராச்சும் வந்தா, கொஞ்சம் கொத்தமல்லித் தண்ணி சூடாக் கொண்டாறச் சொல்லுங்க. இங்க குடுக்குறது வாய்க்கு வெளங்கல. இஞ்சி போட்டு."

யாராவது என்று அவர் சொன்ன ஆட்களை நான் நினைத்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

"நான் கொண்டு வாறன்" என்றேன்.

அவர் சேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது.

கொத்தமல்லி வாங்கலாம், இஞ்சி வாங்கலாம். என்னிடம் அடுப்பு இல்லை. காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிர்ப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையொன்றுக்குப் போய், ஒரு கேத்தல் கொத்தமல்லி அவித்துத் தர முடியுமா என்று கேட்டேன். கடைக்காரி ஒரு சிங்களப் பெண், ஐம்பது வயதிருக்கும். இரண்டு அடுப்பு, அறுபது பேர், எனக்கு எங்கே நேரம் என்றார். அவர் பின்னால் கழுவாத கோப்பைகள் தொட்டி நிறையக் கிடந்தன.

"உங்களுக்கு ஆள் வேணுமா?" என்று கேட்டேன்.

மேலும் கீழும் பார்த்தார். குடிப்பாயா என்றார். இல்லை. எவ்வளவு நாள் நிற்பாய் என்றார். தெரியாது என்றேன், அது உண்மை. பன்னிரண்டிலிருந்து ஒரு மணி வரையும், பின்னேரம் ஐந்திலிருந்து ஆறு வரையும் நான் இருக்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

"கூட்டமே அப்பதானே மல்லி." தம்பி என்பதற்கு அவர்களுடைய சொல் அது.

"எனக்கும் அப்பதான்."

சரி, மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு அத்தனையும் நீ வந்துதான் கழுவ வேண்டும், வந்து கிடக்கிறதைப் பார்த்து முகத்தைச் சுளிக்கக் கூடாது என்றார். பின் அடுப்பில் ஒரு ஓரத்தைக் காட்டினார். கேத்தலை அங்கே வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டேன்.